மருந்து வாடை

அறிவரசன் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டுதான் போவான். பெண்டாட்டி மேல் சந்தேகமெல்லாம் இல்லை, கிருமிக்குப் பயம். பிள்ளை பார்க்கிறேன் என்று யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாதாம். அரியலூர் சிமெண்டுத் தூசி ஓட்டு இடுக்கில் நுழைவதைத்தான் அவனால் பூட்ட முடியவில்லை.

அவனையும் குறைசொல்ல முடியாது. தலைச்சன் பிள்ளைக்குத் தொப்புளில் யாரோ சாம்பலைத் தடவ, சீழ் வைத்து, மண்ணுக்குக் கொடுத்தார்கள். இது ஆபரேஷன் செய்து எடுத்த பெண் குழந்தை. சும்மா விடுவானா மனுஷன்? வீடெல்லாம் கிருமி மருந்து. போதாக்குறைக்கு, வெற்றிச்செல்வி பால் கொடுக்குமுன் மார்பையும் அதில் துடைக்க வேண்டும். குழந்தை வாயை வைக்கும், முகம் சுளிக்கும், வீறிட்டு அழும். மாவுப்பால் கொடுத்தால் வயிற்றால் போகிறது. தொடையில் தோல் தொங்கியது. இதையும் வாரிக் கொடுத்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

"ஏங்க, வாடைக்குத்தான் குடிக்க மாட்டேங்குது."

"மூத்தது போனப்பவும் நீ இப்படித்தான் பேசுன."

அவள் மருந்துத் துணியை எடுத்து மார்பைத் துடைத்தாள்.

அன்று பகலில் வந்த கிராம நர்ஸ் தேவயானி, பூட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தாள். வெற்றிச்செல்வி குழந்தையைக் கம்பியோரம் தூக்கிக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடிப்பாவி, மாருல மருந்தையா தடவுற? வயித்தக் கிழிச்சு எடுத்த புள்ளம்மா. பெறக்கும்போது உங்கிட்டேருந்து ஒட்டிக்க வேண்டிய நல்ல கிருமி சரியா ஒட்டியிருக்காது. பால்லயும் தோல்லயுமாச்சும் வரட்டும். அதுதான் வயித்துல குடியிருந்து புள்ளயக் காக்கும். வெறும் மேலோட சேத்து அணைச்சுக்க. உன் வூட்டுக்காரர்கிட்ட நான் பேசுறேன்."

"பேசாதீங்கக்கா. அப்புறம் இந்த ஜன்னலையும் சாத்திடுவாரு."

நர்ஸ் போனதும் வெற்றிச்செல்வி மார்பை வெறும் தண்ணீரில் கழுவினாள். குழந்தையின் சட்டையைக் கழற்றி, வேர்த்த நெஞ்சிலேயே கிடத்தினாள். அது மோந்தது. தேடியது. கவ்விக்கொண்டது. அம்மாடி, என்ன இழுப்பு! தையல் சுரீரென்றது. வலித்தால் வலிக்கட்டும் என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் அறிவரசன் தூளிக்குள் எட்டிப் பார்த்தான். வயிறு புடைக்கத் தூங்கும் மகளைக் கண்டு அவன் கண் கலங்கிவிட்டது.

"குடிச்சுதா?"

"குடிச்சுதுங்க."

"தொடச்சுட்டுத்தானே குடுத்த?"

அவள் அவன் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "ஆமாங்க. நல்லா அழுத்தித் தொடச்சேன்."

"நான் சொல்லல? இரு, பெரிய பாட்டிலா வாங்கியாரேன்!"

சந்தோஷமாகக் கிளம்பினான். வெளியே பூட்டு விழுந்தது. வெற்றிச்செல்வி மருந்துப் பாட்டிலை எடுத்து, துடைத்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்குமோ அவ்வளவையும் ஜன்னல் வழியே சாக்கடையில் ஊற்றினாள்.