பெட்ரோல் குழாயில் அடைப்பு

சங்ககிரி தாண்டியதும் கந்தப்பனின் பழைய அம்பாசிடர் திணறி நின்றது. கார்புரேட்டரில் சொட்டுப் பெட்ரோல்கூட இல்லை. டேங்கில் பாதிக்குமேல் இருந்தது. குழாயில் துரு அடைத்திருக்கிறது என்று கண்டுகொண்டவன், அதைக் கழற்றி மனைவி வசந்தாமணியிடம் நீட்டினான்.

“வாய வெச்சு உறிஞ்சு.”

“ஏனுங்க, மெக்கானிக்கக் கூப்பிடலாமுங்களே.”

“அவன் வர்ற வரைக்கும் ரோட்டுல நிக்கோணுமா? உறிஞ்சு.”

அவள் மண்டியிட்டு மூச்சை இழுத்தாள். துருவும் பெட்ரோலும் சேர்ந்து தொண்டைக்குள் பாய்ந்தன. அவள் சாலையோரம் குமட்டிக்கொண்டு கிடக்க, கந்தப்பன் குழாயை மாட்டி வண்டியைக் கிளப்பினான். எஞ்சின் சீராக ஓடியதும் அவன் முகம் மலர்ந்தது.

தள்ளாடி வந்து கதவைப் பிடித்தாள்.

“சீட்டு இப்பத்தான் மாத்துனது. வாந்தி எடுத்துருவே. பஸ்ஸுல வந்து சேரு” என்று சொல்லிப் போய்விட்டான்.

பஸ்ஸில் ஏறியதும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். “பெட்ரோல மேல ஊத்திக்கிட்டு வந்திருக்குது, எறக்கி உடுங்க!” என்று ஒருத்தி அலறினாள். கண்டக்டர் அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டார்.

தொண்டை எரிய வெயிலில் நடந்தவளின் போன் அடித்தது. அவன்தான்.

“ஊட்டுக்கு ஆளுக வந்திருக்காங்க. சோறாக்கோணும். எங்க சுத்தறே?”

“வாரேனுங்க” என்றாள். குரலே எழவில்லை.

“என்ன முனகறே? சத்தமாப் பேசு” என்றான் கந்தப்பன்.