மாவு படிந்த சிப்பாய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வானொலியில் பாதியில் நின்றுபோன ஒரு பேச்சிலிருந்து வந்தது. 'சதுரங்கத்தைக் கம்ப்யூட்டர் என்றைக்காவது முழுசாகக் கணக்குப் போட்டு விடுவித்துவிடுமா?' என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தொண்டையைச் செருமினார். கரண்ட் போய்விட்டது.

பிறகு நானே அங்கே இங்கே கேட்டும் படித்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ஆனாலும் மனதில் நின்றது அந்தச் செருமல்தான். பதிலுக்கு முன்னால் வருகிற செருமல். அதற்கு ஒரு ஆளைத் தேடினேன், என் கண்ணுகளா. கிடைத்தார்.

2

முதல் வரி, முதல் தடவை: 'முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, சதுரங்கத்தில் பைத்தியம் பிடித்து...' வேண்டாம். ராஜா கதை கேட்டு உங்களுக்குக் காது புளித்திருக்கும்.

இரண்டாம் தடவை: 'அவள் அவரைவிட நன்றாக ஆடுவாள் என்பது அவருக்குக் கல்யாணமான...' இதுவும் வேண்டாம். யார் கெட்டிக்காரர் என்பதல்ல இங்கே பேச்சு.

மூன்றாம் தடவை: 'மாவு எழும்புகிற நேரத்தில் அவர்கள் ஆளுக்கு ஒரு காய் நகர்த்துவார்கள்.' இது இருக்கட்டும்.

அது ஒரு ரொட்டிக் கடை. முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் அடுப்பறை. கணவனும் மனைவியும் மட்டும்தான் வேலை. பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடிவிட்டால் அது உப்பி வரும்வரை கை சும்மாதான். அந்த இடைவெளியில், மாவு மேசை ஓரத்தில் கிடக்கும் பலகையில், அவள் ஒரு நகர்த்தல், அவர் ஒரு நகர்த்தல். அடுத்தது அடுத்த மாவுக்குத்தான். ஓர் ஆட்டம் மாதக்கணக்கில் போகும்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு பந்தயம் உண்டு. அவருக்கு இருமல். காலமெல்லாம் மாவுத்தூசியை இழுத்த நெஞ்சு. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார், இவர் அசையவில்லை. அவள் ஜெயித்தால் அவர் ஸ்கேனுக்குப் போகவேண்டும். அவர் ஜெயித்தாலோ, ஆட்டம் டிராவில் முடிந்தாலோ, அவள் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

அவளுக்கு வெள்ளை. அவருக்குக் கறுப்பு.

3

மகள் வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். போனில் முகம் காட்டிப் பேசுவாள். போன் உப்பு டப்பாமேல் சாய்ந்திருக்கும்.

"ஏண்டி, ஆட்டம் ஆரம்பிக்கறப்பவே முடிவு இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கும்மா. ரெண்டு பேரும் தப்பே பண்ணாம ஆடினா வெள்ளை ஜெயிக்கும், இல்ல கறுப்பு, இல்லன்னா டிரா. மூணுல ஒண்ணு, இப்பவே இருக்கு. யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். அத்தனை நிலைகளையும் போட்டு வைக்க, உலகத்து மெஷின் எல்லாம் சேந்தாலும் இடம் பத்தாது."

"என்னைக்குமேவா?"

"யாராவது குறுக்கு வழி கண்டுபிடிச்சா பாக்கலாம். ஆனா ராஜா ரெண்டையும் சேத்து ஏழு காய்க்கு வந்துட்டா தெரியும். அத்தனையும் கணக்குப் போட்டு வெச்சாச்சு. தப்பு வராது."

அவர் செருமினார். "பாத்தியா, தெரியாத வரைக்கும்தான் ஆட்டம்."

"உங்க நெஞ்சுக்குள்ள என்ன இருக்குங்கறதும் இப்பவே இருக்குங்க. நீங்க பாக்கலன்னா இல்லாம போயிடுமா?"

"ரொட்டி கருகுது, போய்ப் பாரு."

"அடுப்புல ரொட்டியே இல்ல."

மகள் சிரித்துவிட்டாள். மாட்டிக்கொண்ட மனிதர் பெருந்தன்மையைக் கையில் எடுத்தார். "சரிம்மா. ஏழுக்கு வரட்டும். மெஷின் என்ன சொல்லுதோ அதுவே முடிவு. கேட்டுக்கறேன்."

அப்போது பலகையில் இருந்தவை எட்டு. அன்றிலிருந்து அவர் எதையும் வெட்டவில்லை. வெட்டக் கொடுக்கவும் இல்லை. கறுப்பு ராஜா இரண்டு கட்டங்களுக்கு நடுவே, டாக்டர் அறை வாசலில் நிற்பவர் மாதிரி, போவதும் வருவதுமாக இருந்தது.

(விவரம் தெரிந்தவர்கள் கையைத் தூக்குகிறீர்கள். எதுவும் வெட்டுப்படாமல், சிப்பாயும் நகராமல் ஐம்பது நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம் என்று சட்டம் உண்டு. அந்த அடுப்பறைக்குள் அந்தச் சட்டம் வரவில்லை. வந்திருந்தால் அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார்.)

4

எனக்கு அந்த மகள்மேல் கொஞ்சம் சந்தேகம். ரொம்பத் தெளிவாகப் பேசுகிறாள். தெளிவாகப் பேசுகிறவர்கள் எங்கேயாவது ஒரு இடத்தில் சரியாகப் பார்க்காமல் விடுவார்கள்.

மாவு மூட்டை இறக்குகிறவர் ஒருவரையும் கொண்டுவந்தேன். "இன்னுமா இந்த ஆட்டம் முடியல?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடித்துவிட்டேன். இப்போது மூன்றே பேர். கதையும் இந்த ஆட்டம் போலத்தான். ஆள் குறையக் குறைய முடிவு வெளியே தெரிந்துவிடுகிறது. 'கணவர் வேண்டுமென்றே தோற்பார்' என்று நீங்கள் யூகித்தாயிற்று, இல்லையா? நானும் அப்படித்தான் எழுதினேன். எழுதிவிட்டு மூக்கை உறிஞ்சினேன். அப்புறம் அதையும் அடித்துவிட்டேன். வேண்டுமென்றே தோற்றால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். "பிச்சை போடறீங்களா?" என்று காய்களைக் கலைத்து முதலிலிருந்து ஆடச் சொல்வாள்.

5

ஒரு நாள் மாவு மூட்டையைப் பிரிக்கும்போது இருமல் பிடித்துக்கொண்டது. விடவில்லை. அவர் மேசையைப் பிடித்தபடி குனிந்து நின்றார். கையிலிருந்து மூட்டை சரிந்து, அறை முழுக்க மாவு புகையாக எழும்பியது. அவள் முதுகைத் தடவினாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் முக்காலியில் உட்கார்ந்ததும், மாவு எழும்பக் காத்திராமல், தன் யானையால், அவர் கடைசி நகர்த்தலில் காவல் இல்லாமல் விட்டிருந்த ஒரு சிப்பாயை வெட்டி எடுத்தாள்.

"ஏழு," என்றாள்.

மகளைப் போனில் கூப்பிட்டாள். மகள் பலகையைப் பார்த்துப் பார்த்து மெஷினில் போட்டாள். "அம்மாவுக்கு வெள்ளைதானே? வெள்ளை ஜெயிக்குது. சந்தேகமே இல்லப்பா. கெளம்புங்க."

அவர் பலகையை நெடுநேரம் பார்த்தார். செருமினார்.

"மெஷினே சொல்லிட்டா அப்புறம் என்ன? சட்டையை மாத்திட்டு வரேன்."

மகள் சந்தோஷத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவர் முன்பக்கம் போனார். அவள் ஈரத்துணியை எடுத்துக் காய்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஓரத்தில் ஒரு சிப்பாய், மாவில் முங்கி எழுந்தது போல. துணி பட்டதும் கறுப்பு தெரிந்தது.

மகள் அதை வெள்ளை என்று நினைத்து அம்மாவின் கணக்கில் சேர்த்திருந்தாள். மெஷின் தப்புச் சொல்லவில்லை. வேறு ஏதோ ஓர் ஆட்டத்துக்குச் சரியாகச் சொல்லியிருந்தது. இந்த ஆட்டத்துக்கு என்ன பதில்? ஒருவேளை டிரா. அப்படியானால் அவள் வாயைத் திறக்கவே கூடாது.

"வரியாம்மா? கடையைப் பூட்டணும்," என்று முன்பக்கத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

6

அவள் சிப்பாயைக் கைக்குள் மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள் என்று எழுதினேன். போனை மறுபடி எடுத்தாள் என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டு வரியையும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஏனென்றால் இன்னொன்று இருக்கிறது. மாதக்கணக்காக அந்தச் சிப்பாயைத் தன் கையால் நகர்த்தியவர் அவர். தன் காய் எதுவென்று அவருக்குத் தெரியாதா? நான் நாலாம் பகுதியில் அடித்த முடிவு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டதா, இல்லை, இருமலில் அவருக்குக் கண் நிஜமாகவே மங்கிவிட்டதா? எனக்கே தெரியாது, செல்லங்களே. அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டு நிற்கிறாள். கதவு பாதி சாத்தியிருக்கிறது. அவர் சுத்தமான சட்டையில் வெளியே நிற்கிறார்.

"ஏங்க..." என்கிறாள்.

அவர் திரும்பிப் பார்க்கிறார். செருமுகிறார்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். கையை நீட்டுங்கள். இதோ அந்தச் சிப்பாய். அடியில் இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கிறது. துடைப்பதா வேண்டாமா, நீங்களே பாருங்கள். சீக்கிரம். அவர் வெயிலில் நிற்கிறார்.