பெயர் போடாத அடிக்குரல்

அடிமரத்தில் ஒட்டுவதற்கென்று தேவானந்தம் தம்முடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கிழக்குத் தாம்பரத்துச் சபையின் பாடகர் குழுவை இருபத்தாறு வருஷமாக நடத்திவருகிறவர். மரம் என்று ஒன்று வந்தால் அதில் அடிமரம் யார் என்று நிதானமாக யோசித்துப் பார்த்தார். வேறு பெயர் எதுவும் தோன்றவில்லை.

மரம் வந்தது சபைப் போதகரான ஆயரால். அவர் ஏற்காட்டில் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்தார். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி வருவார்கள். ஆயர் ‘பிறரில் முதலீடு செய்வோம்’ என்ற வாக்கியத்தை வாங்கி வந்தார். அடுத்த மூன்று ஞாயிறும் பிரசங்கம் அதுதான். முதலீடு என்றதும் முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள் இருவர் கண்விழித்தார்கள். விஷயம் ஆத்துமா சம்பந்தப்பட்டது என்று தெரிந்ததும் மறுபடி மூடிக்கொண்டார்கள்.

பாடகர் குழுவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஆயர் முடிவு செய்தார். ஆளுக்கொரு பச்சைத் தாள், இலை மாதிரி வெட்டியது. அதில் ‘பாட்டு ஊழியத்தில் என்னை உருவாக்கியவர்’ என்று அச்சடித்து, கீழே ஒரு கோடு. கோட்டில் ஒரே ஒரு பெயர் எழுதலாம். யாருக்கு அதிக இலையோ அவர் போட்டோ அடிமரத்தில். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பழுப்பு சார்ட் பேப்பரில் மரம் வெட்டி, பயிற்சி அறைச் சுவரில் ஒட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஜிராஃபி மாதிரி இருந்தது. ஆனால் எண்ணம் நல்ல எண்ணம்.

சனிக்கிழமை தேவானந்தம் பயிற்சிக்கு வந்தபோது இலைகள் ஏறியிருந்தன. மொத்தம் இருபத்திரண்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பதினைந்தில் ‘அமலராணி அக்கா’. மூன்றில் ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருவர். இரண்டில் ‘என் அம்மா’. ஒன்றில் யூடியூப். மிச்சம் ஒன்று அமலராணியின் இலை. அதில் பெயர் எழுத வேண்டிய கோடு காலியாக இருந்தது.

தேவானந்தம் என்று எதிலும் இல்லை. ‘சார்’ என்றுகூட இல்லை. ஒருவேளை யாராவது இங்கிலீஷில் எழுதியிருக்கலாம் என்று இன்னொரு தரம் படித்தார். இங்கிலீஷில் இருந்தது யூடியூப் மட்டும்தான்.

முதல் குரல் பாடும் ஷீலா ஒரு கவரை நீட்டினாள். “சார், உங்க போட்டோ. பின்னாடி கம் தடவல, திரும்ப யூஸ் பண்ணிக்கலாம்.”

அன்று பயிற்சியில் அவர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு திட்டினார். ஆண்களில் மேல்குரல் பாடும் டெனர் வரிசையைப் பார்த்து வாயில் வடை வைத்திருக்கிறீர்களா என்றார். அடிக்குரல், அதாவது பேஸ், பாடும் டெனிஸையும் ரூபஸையும் பார்த்து, நீங்கள் இருவரும் பாடுவதைவிடப் பாடாமல் நிற்பது சபைக்குப் பெரிய ஊழியம் என்றார். எல்லாரும் தலையைக் குனிந்து பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்கள். அவர் என்ன சொன்னாலும் அப்படித்தான். அதை அவர் மரியாதை என்று எண்ணியிருந்தார்.

அமலராணி சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கத்தோலிக்க மாதா கோயிலில் பாடி வளர்ந்து, கல்யாணத்தில் இந்தச் சபைக்கு வந்தவர். பெண்களில் கீழ்க்குரல் பாடும் ஆல்டோ வரிசையில் தூணுக்குப் பக்கத்து இடம் அவருடையது. இருபது வருஷத்தில் தேவானந்தம் அவரிடம் நேராகச் சொன்னது இரண்டு வாக்கியம். ஒன்று, ஆல்டோ சத்தம் கம்மி. மற்றது, ஆல்டோ சத்தம் ஜாஸ்தி.

தேவானந்தத்துக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டாம் மாடி ஃபிளாட். இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால் குழுதான் என் குடும்பம் என்பார், கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டு. அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இதுவரை அவர் வீட்டு மாடிப்படி ஏறியதில்லை. இது அவர் கண்ணில் படாமலே இருந்தது. சனியும் ஞாயிறும் அவரே அவர்களிடம் போய்விடுவார், மிச்ச ஐந்து நாளும் அதற்குத் தயார் செய்வார். அந்த ஞாயிறு சாயங்காலம்தான் முதல்முறையாக வீட்டில் இரண்டு நாற்காலி இருப்பதையும், ஒன்றின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருப்பதையும் பார்த்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடித்து சேலையூர் போனார். வாழ்த்துச் சொல்லப் போவதாகத் தமக்கே சொல்லிக்கொண்டார். அமலராணி கதவைத் திறந்து, திகைத்து, சோபாவில் கிடந்த விடைத்தாள்களை அள்ளி மேசைமேல் வைத்து, ஃபேனைப் போட்டார். காப்பி வந்தது. வாழ்த்தைச் சொல்லி முடித்த பிறகு சொல்ல வேறொன்றும் இல்லாததால் தேவானந்தம் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டார்.

“நான் சொல்லிக்கொடுத்ததுன்னு எதுவுமே இல்லையாம்மா?”

அமலராணி சுற்றி வளைக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஷீலா போன் செய்து, சார் கீபோர்டில் வாசித்ததில் என் லைன் எது என்று கேட்டாளாம். அமலராணி அதை மெதுவாகப் பாடி வாய்ஸ் நோட்டாக அனுப்பினார். அடுத்த வாரம் டெனர்காரர்கள் கேட்டார்கள். பிறகு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆயிற்று. பெயர் ‘சனிக்கிழமை சந்தேகம்’. குழுவில் எல்லாரும் அதில் உண்டு. எல்லாரும் என்றால், அவரைத் தவிர.

தேவானந்தம் காப்பியைக் கீழே வைத்தார். சனிக்கிழமை நொண்டுகிற பாட்டு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நடக்கும். இத்தனை வருஷமாக அதைத் தம் திட்டின் பலன் என்றே கணக்கில் வைத்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த இரண்டு ஆயர்களுக்கு அந்த முறையை விளக்கிக்கூடச் சொல்லியிருக்கிறார். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

“என்கிட்டயே கேட்டிருக்கலாமே.”

“கேட்டாங்க சார். ஒரு தடவ.”

“அப்புறம்?”

“அப்புறம் என்கிட்ட கேட்டாங்க.”

தம்மையும் அந்தக் குரூப்பில் சேர்க்க முடியுமா என்று அவர் கேட்டார். இப்படி ஒரு கெஞ்சல் தம் தொண்டையில் இருப்பது அவருக்கே புதிது.

“நீங்க வந்தா யாரும் கேக்க மாட்டாங்க சார்,” என்றார் அமலராணி. குத்தலாகச் சொல்லவில்லை. விடைத்தாளில் விடையின் கீழே கோடு போடுகிற மாதிரி சொன்னார்.

அதில் மறுக்க ஒன்றும் இல்லை. பேச்சை மாற்ற, உங்கள் இலையில் மட்டும் ஏன் பெயர் இல்லை என்று கேட்டார்.

“யார எழுதறதுன்னு தெரியல. எனக்கு யாரும் பாடி அனுப்பல.”

தேவானந்தம் இருபது வருஷத்தைத் துழாவிப் பார்த்தார். கைக்கு அகப்பட்டது அந்த இரண்டு வாக்கியம்தான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

வாசலில் அமலராணி கொஞ்சம் தயங்கிவிட்டுப் பேசினார். பேஸ் லைன்தான் பிரச்சினை. அவர் குரலுக்கு அது எட்டாது. ஒரு ஸ்தாயி மேலே பாடி அனுப்புகிறார், டெனிஸும் ரூபஸும் அதைக் கீழே இறக்குவதற்குள் வழி தவறிவிடுகிறார்கள். இந்த ஞாயிறு விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. அன்றைக்குப் பாடவேண்டிய பாட்டு தேவானந்தமே எழுதி மெட்டமைத்தது. அதில் பேஸ் சுத்தமாக நிற்கவில்லை.

“நீங்க பாடி எனக்கு அனுப்புங்க சார். நான் குரூப்ல போட்டுடறேன்.”

“என் பேரு...”

“பேர் வேணாம் சார். பேர் போட்டா பிளே பண்ணவே பயப்படுவாங்க.”

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பதிவு ‘எத்தனை தடவ சொல்றது’ என்று ஆரம்பித்தது. பாட்டு இன்னும் வரவேயில்லை. அழித்தார். இரண்டாவதில் இரண்டு வரி ஒழுங்காகப் போய், மூன்றாவதற்கு முன்னால் ‘இங்கதான் எல்லா மடையனும் வழுக்குவான்’ என்று வந்துவிட்டது. அழித்தார். நான்காவதில் தெருவில் தண்ணி லாரி பீப் பீப் என்று பின்னால் எடுத்த சத்தம் விழுந்தது. திட்டாமல் ஒரு பாட்டை முடிக்க அவருக்கு ஒன்பது பதிவு ஆயிற்று.

அந்த ஒன்பதாவதில்தான் இன்னொன்று தெரிந்தது. ‘மழையும் வெயிலும் உமது தயவே’ என்ற வரியை ஒரே மூச்சில் பாடவேண்டும். எழுதும்போது அப்படித்தான் எழுதியிருந்தார். பாடும்போது ‘தய’ வரைக்கும் வந்து மூச்சு தீர்ந்துபோயிற்று. நின்று, மூச்சு வாங்கி, ‘வே’ என்று முடித்தார். முழு வரி ஒன்றைத் தாம் வாய்விட்டுப் பாடி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தார். கீபோர்டில் வாசித்திருக்கிறார், கத்தியிருக்கிறார். பாடவில்லை. குழுவில் பாதிப் பேர் அவர் பாடும் குரலைக் கேட்டதே கிடையாது. இன்னும் மூன்று தரம் முயன்றார். மூன்று தரமும் அதே இடத்தில் நின்றது. ஒரு சொல்லை நடுவில் பிளந்து மூச்சு வாங்கினவர்களை அவர் இருபத்தாறு வருஷமாக உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறார்.

ஒன்பதாவதையே அனுப்பினார். ‘ஓகே சார்’ என்று பதில் வந்தது. அதைத் தவிர அன்று போன் ஒலிக்கவில்லை.

வியாழக்கிழமை அமலராணியிடமிருந்து செய்தி. ‘டெனிஸ் கேக்கறான் சார். அக்கா, யாரு இது, நல்லா பாடறாரு, இன்னும் கொஞ்சம் மெதுவா பாடச் சொல்லுங்கன்னு. மேடவாக்கம் சிக்னல்ல நிக்கும்போது மூணு தடவ கேக்க முடியுதாம்.’

என்ன சொன்னீர்கள் என்று இவர் எழுதிக் கேட்டார். ‘தெரிஞ்சவர் ஒருத்தர்னு சொன்னேன்’ என்று வந்தது.

நல்லா பாடறாரு. அந்த இரண்டு சொல்லை அவர் சமையலறைக்குப் போகும்போது ஒரு தரமும் திரும்பி வரும்போது ஒரு தரமும் படித்தார். சொல்லிக் காட்ட ஆள் இல்லை. பிறகு மெதுவாகப் பாடி அனுப்பினார். மெதுவாகப் பாட அதிக மூச்சு வேண்டும். ஆகவே ‘தய’வுக்கும் ‘வே’வுக்கும் நடுவில் இருந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் அகலமாயிற்று.

சனிக்கிழமை பயிற்சி. டெனிஸும் ரூபஸும் முதல் வரியிலிருந்தே தரையில் கால் பதித்து நின்றார்கள். சுரம் பிசகவில்லை. தேவானந்தம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார். அந்த வரி வந்தது. இருவரும் ‘தய’ என்று பாடி, ஒரே நேரத்தில், சொல்லிவைத்தாற்போல் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, ‘வே’ என்றார்கள்.

அவர் கை தானாக மேலே போயிற்று. பாட்டு நின்றது. அறை முழுக்கத் தலைகள் குனிந்து, வரப்போவதற்குத் தயாராயின.

“சார், அங்க மூச்சு எடுக்கணும் சார்,” என்றான் டெனிஸ், தரையைப் பார்த்து. “ரெக்கார்டிங்ல அப்படித்தான் இருக்கு.”

“எந்த ரெக்கார்டிங்?”

 ஷீலா ஜன்னலைப் பார்த்தாள். தூணுக்குப் பக்கத்தில் அமலராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் என்று சொன்னால் போதும். அமலராணி இன்னும் போட்டோ கொடுக்காததால் அடிமரத்தில் இடம் இருந்தது, கவரில் தம் போட்டோவும் இருந்தது. சொன்ன அந்த நிமிஷமே டெனிஸ் மறுபடி பென்சிலை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவான் என்பதும், மேடவாக்கம் சிக்னலில் இனி அந்தக் குரல் ஓடாது என்பதும் தேவானந்தத்துக்குத் தெரிந்தது.

“சரி,” என்றார். “அங்கயே எடுங்க. எல்லாரும் அங்கயே எடுங்க.”

பென்சில்கள் குறித்துக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்தைச் சுற்றி வாழைத்தாரும் பூசணிக்காயும் கரும்பும் அடுக்கியிருக்க, இருபத்திரண்டு பேர் ‘தய’ என்று பாடி நின்று, ஓர் அறுபத்துமூன்று வயசு நுரையீரலின் அளவுக்கு மூச்சு வாங்கி, ‘வே’ என்று முடித்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஆயர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மௌனத்தில் ஓர் ஆழமான இறையியல் இருக்கிறது, நாம் நிற்கிற இடத்தில் ஆண்டவர் தொடருகிறார், ஏற்காட்டில்கூட இதைத் தொட்டார்கள், அடுத்த வாரம் இதை வைத்தே பிரசங்கம் என்றார். தேவானந்தம் ஆமாம் ஐயா என்றார்.

வெளியே பந்தலில் காணிக்கைப் பொருள்களின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சேவல் ஒன்று கட்டைத் தளர்த்திக்கொண்டு, அதை ஏலத்தில் எடுத்தவரைச் சுற்றி ஓடிற்று. பைப்படி நிழலில் குழுவில் ஏழெட்டுப் பேர் டெனிஸின் போனை நடுவில் வைத்துத் தலையோடு தலை சேர்த்து நின்றார்கள். யாரோ கேட்காமல் தவறவிட்ட இடத்தை மறுபடி போடச் சொன்னார்கள். போனுக்குள்ளிருந்து அடிக்குரல் ஒன்று மெதுவாக, ஒரு திட்டும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

“டேய், சார் வர்றாரு.”

டெனிஸ் போனைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் தள்ளினான். அவசரத்தில் நிறுத்த மறந்துவிட்டான். துணிக்குள்ளிருந்து குரல் இன்னும் இரண்டு வார்த்தை பாடிற்று. பிறகுதான் அவன் விரல் பொத்தானைத் தேடிப் பிடித்தது. எல்லாரும் ஸ்தோத்திரம் சார் என்றார்கள். தேவானந்தமும் ஸ்தோத்திரம் சொன்னார். காதில் ஒன்றும் விழாதவர் மாதிரி அவர்களைத் தாண்டி, கேட்டைத் திறந்துகொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.