பாடினிக்கு ஓர் இலை

விஜயராணிக்குப் பாட்டுதான் தொழில். திருச்சியைச் சுற்றி எங்கே கல்யாண வரவேற்பு என்றாலும் மேடையேறிவிடுவாள். கணவன் இறந்த பிறகு மகள் வைஷ்ணவியைப் படிக்க வைத்தது அந்தத் தொண்டைதான்.

வைஷ்ணவி விரும்பிய ஹரிஹரசுதன் கைலாசபுரத்தில் இன்ஜினியர். அவன் அப்பா ரங்கசாமி ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். கல்யாணம் பேசி முடித்த அன்று விஜயராணி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அவர் இல்லைங்களே... தட்டு மாத்த எங்க அண்ணன் அண்ணியை நிக்கச் சொல்றேங்க."

ரங்கசாமி கையமர்த்தினார். "அந்த மூடநம்பிக்கையெல்லாம் நம்ம வீட்ல கிடையாதும்மா. பெத்தவங்க நீங்க. நீங்களே மாத்துங்க."

வையம்பட்டி பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியெல்லாம் அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

நிச்சயதார்த்தம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தின் மாடியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர் அவளை உற்றுப் பார்த்தார்.

"இவங்க நம்ம ரஞ்சித் கல்யாணத்துல பாடினவங்கதானே? என்னா ஆட்டம் போட்டுக்கிட்டே பாடினாங்க!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரங்கசாமியின் முகம் சுருங்கியது. எழுந்து மைக்கை வாங்கினார்.

"சம்பந்தியம்மா எங்களுக்காக ஒரு பாட்டுப் பாடணும்."

விஜயராணி பெருமாள் மேல் ஒரு பாட்டுப் பாடினாள். மகளுக்காகப் பாடுகிறோம் என்ற நினைப்பில் குரல் எப்போதையும்விட நன்றாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பண்ணுன்னா இசை," என்று ஆரம்பித்தார் ரங்கசாமி. "பண்ணுலேர்ந்து பாண், பாண்லேர்ந்து பாணன். பாடுற பொண்ணு பாடினி. எவ்வளவு அழகான சொல்!"

அவளை இதுவரை பாட்டுக்காரி என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். கூச்சத்தோடு தலைகுனிந்தாள்.

"பாடினி வாசல்ல வந்து பாடுவா. வீட்டுக்காரன் பரிசு கொடுத்து, வயிறாரச் சோறு போடுவான். அப்புறம் அடுத்த வாசலுக்குப் போயிடுவா. வீட்டுக்காரனோட சரிக்குச் சரியா உக்கார மாட்டா. அந்த மரபை நாமளும் காப்பாத்துவோம்."

அவள் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தினார். "பாடினிக்கு முதல்ல இலை போடுங்கப்பா. தட்டை அவங்க அண்ணன் பிச்சையும் அண்ணியும் மாத்தட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"நீங்கதானே சார் நானே மாத்தலாம்னு சொன்னீங்க..."

"விதவைன்னு நான் சொன்னேனா? அந்தத் தப்பை நான் பண்ண மாட்டேம்மா."

பிச்சை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மனைவியோடு முன்னால் போனார். விஜயராணி மகளைப் பார்த்தாள். பட்டுப்புடவை சரசரக்க வைஷ்ணவி அருகில் வந்து காதோரம் குனிந்தாள்.

"கீழ போம்மா. எனக்காக. எல்லாரும் பாக்குறாங்க."

விஜயராணி படியிறங்கினாள். பந்திக்கூடம் காலியாக இருந்தது. நீளமான மேசையின் கோடியில் ஒரே ஓர் இலை. உட்கார்ந்தாள். மேலே நாதஸ்வரமும் மேளமும் முழங்கின. தட்டு மாறுகிறது என்று தெரிந்தது. சோற்றைப் பிசைந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

பரிமாறுகிறவர் பாயச வாளியோடு வந்து நின்றார்.

"நீங்க கச்சேரிக்காரங்களாம்மா?"

"ஆமாங்க."

"பொண்ணோட அம்மா யாருங்க? ஏலக்காய் போதுமான்னு அவங்ககிட்டக் கேக்கணும்."

விஜயராணி இலையை மூடினாள்.

"மேல இருக்காங்க," என்றாள்.