மட்டையோடு ஓடியவரும் படமெடுத்தவரும்

1

இந்தக் கதை ஒரு கோடை மழையில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் அது கியர்ஸ்டன் அனுப்பிய மின்னஞ்சலில் பிறந்தது. கியர்ஸ்டன் எங்கள் ஹேர்னிங் நகரில் பழைய படங்களைச் சேர்த்துக் கண்காட்சி வைப்பவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழர்கள் இங்கே பேஸ்போல் விளையாடிய படம் ஒன்று அவரிடம் வந்திருந்தது. எடுத்தவர் பெயர் தெரியாமல் சுவரில் மாட்ட மாட்டாராம். "நீங்கள் எழுத்தாளர்தானே, கண்டுபிடியுங்கள்" என்று எழுதியிருந்தார். டென்மார்க்கில் என்னை எழுத்தாளர் என்ற முதல் ஆள் அவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

(இங்கே அகதி வாழ்வு பற்றி ஒரு பத்தி இருந்தது. கதையை அமுக்கியது, தூக்கிவிட்டேன்.)

2

தொடக்கம் ஒன்று: 'பனி மூடிய அந்த மைதானத்தில்—' இல்லை, அது ஜூன் மாதம்.

தொடக்கம் இரண்டு: 'மௌனமாயிருந்தது அந்தப் படம்—' படம் வேறு எப்படி இருக்கும்?

சரி, நேரே வருகிறேன். பந்தை அடித்துவிட்டு ஒருவர் ஓடுகிறார், கையில் மட்டையோடு. பேஸ்போலில் மட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். கிரிக்கெட் பழகிய கைக்கு அது விளங்குமா? அப்படி ஓடியவர் ஒரேயொருவர், சிவானந்தன் அண்ணை. ஒரு பிறந்தநாள் விழா விடாமல் அந்த அடியைச் சொல்லி வருகிறார். விழாவுக்கு விழா பந்து இன்னும் கொஞ்சம் தூரம் போகும்.

ஆனால் படத்தில் அவர் வெறும் மங்கல். பின்னால் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சிரிக்கும் பெண்தான் தெளிவு, காதோர முடிகூடத் தெரிகிறது. அவர் தங்கமலர், இன்று சிவானந்தன் அண்ணையின் மனைவி. அன்று இன்னும் கலியாணமாகவில்லை. எடுத்தவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை.

(வாசகரே, உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.)

3

படத்தை அவர்கள் வீட்டு மேசையில் வைத்தேன். தங்கமலர் அக்கா கண்ணாடி போட்டுப் பார்த்து வெட்கப்பட்டார். அண்ணை நெடுநேரம் பார்த்தார்.

"இதை நான்தான் எடுத்தனான்."

"அண்ணை, மட்டையோடை ஓடுறது நீங்களெல்லோ?"

"அது நானில்லை."

"அப்ப அந்த அடி?"

"வேறை ஆரும் அடிச்சிருப்பினம்."

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன். பாத்திரம் என் கையை மீறிவிட்டது. தன் மனைவியை இன்னொருவன் அப்படிப் பார்த்தான் என்பதைத் தாங்க முடியாமல், வாழ்நாள் பெருமையையே தூக்கி எறிகிறார் மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்மேல் பெரும் பிரியமும் வந்தது.

*அடிக்குறிப்பு: எடுத்தவரை அவர்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். அன்று மைதானத்தில் இருந்தது ஒரே கமரா. அதன் சொந்தக்காரர் இப்போது வைலே நகரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். "ஓம், நான்தான். இனி ஏன் உந்தப் பழங்கதையைக் கதைப்பான்" என்றார் தொலைபேசியில். ஆனால் உடனே வைக்கவில்லை. "படம் வடிவா வந்திருக்கோ?" என்று கேட்டார்.

4

முடிவு அ: வைலேக்காரர் கண்காட்சிக்கு வருகிறார், தங்கமலர் நிமிர்ந்து— (வேண்டாம்.)

முடிவு ஆ: அண்ணை பொய்யை ஒத்துக்கொள்கிறார். (மாட்டார்.)

நடந்தது இதுதான். கமராக் கதையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா மறித்தார்.

"தம்பி, ஆரெண்டு எனக்குத் தெரிய வேண்டாம். இந்த மனுசன் இவ்வளவு காலம் கொண்டு திரிஞ்ச அடியை எனக்காக விட்டிட்டார். இவரின்ரை பேரையே போடுங்கோ."

"ஓடுறதும் இவர்தானே அக்கா."

"அதுக்கும் இவரின்ரை பேரைப் போடுங்கோ."

அண்ணை படத்தைத் தன் பக்கம் இழுத்தார். "பந்து அந்த மரத்துக்கு மேலாலை போனது" என்றார் மெல்ல.

5

அக்கா சொன்னபடியே எழுதி அனுப்பினேன். ஓடிக்கொண்டே ஒருவர் தன்னையே எப்படிப் படமெடுப்பார் என்று கியர்ஸ்டன் கேட்டிருக்கிறார். படக்குறிப்பு நாளை அச்சுக்குப் போகிறதாம். பொய் எழுதினால், ஒரு சிரிப்பை அவ்வளவு கவனமாகப் பார்த்த மனிதர் இல்லாமலே போய்விடுவார். உண்மை எழுதினால், சிவானந்தன் அண்ணை கண்காட்சியில் அதன்முன் நிற்க வேண்டும். என்னால் முடியவில்லை, வாசகரே. நீங்கள் அந்த வீட்டில் சாப்பிட்டதில்லை, உங்களுக்குக் கொஞ்சம் சுலபம்.

ஓடுபவர்: சிவானந்தன்
சிரிப்பவர்: தங்கமலர்
படம்: