சந்தனம் பூசிய பெட்டி

எங்கள் கம்பெனியில் தன் அளவு தெரிந்து நடந்துகொள்ளும் ஒரே ஜீவன் ஒரு சிப். உளுந்தம்பருப்பு அளவுதான் இருக்கும். பேட்டரியிலிருந்து வரும் கரண்டை அளவாகக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. எங்காவது ஷார்ட் ஆனால் கொடுப்பதை உடனே நிறுத்திவிடும். யார் அதட்டினாலும் மசியாது. முதலாளி அழகுராஜாவுக்கு அதைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் பட்டாசு யூனிட். திரி கொளுத்தாமல், பட்டனை அழுத்தி வானவெடி விட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்ததால், எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுச் சும்மா இருந்த கற்பகவல்லியான எனக்கு வேலை வந்தது. பெட்டியைச் செய்து கொடுத்தேன். பெட்டியிலிருந்து ஒவ்வொரு வெடிக்கும் ஒரு ஒயர் போகும். வெடிக்கும் முன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஒயரில் கொஞ்சூண்டு கரண்ட் ஓடி, இணைப்பு சரியென்றால் பச்சை விளக்கு எரியும். அந்தக் கொஞ்சூண்டைத் தாண்டவிடாமல் காவல் காப்பதுதான் சிப். தாண்டினால் டெஸ்டிலேயே வெடித்துவிடும்.

அந்த நேரத்தில் வெடிக்குப் பக்கத்தில் நிற்பவள் மாடத்தி. விளக்கு எரியாவிட்டால் அங்கேயே ஒயரை முறுக்கிச் சரிசெய்வதற்காக அவளை அங்கே நிறுத்தியது முதலாளியின் ஏற்பாடு. டெஸ்ட் போடும்போது அவள் தள்ளி வந்துவிடட்டும் என்று எத்தனையோ முறை சொன்னேன். "நடந்துக்கிட்டே இருந்தா வேலை எப்பத்தா நடக்கும்?" என்றார். அவர் நடக்கப்போவதில்லை என்பதால் அந்தக் கவலை எனக்குப் புரியவில்லை.

பெட்டி தயாரான அன்றே பூஜை. முதலாளி சந்தனத்தைக் குழையக் குழையக் கரைத்து, ஒயர் சொருகும் ஓட்டைகளுக்கு மேல் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். ஈரச் சந்தனம் ஓட்டைக்குள் இறங்கி இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டது. சிப் வாயை மூடிக்கொண்டது. ஒரு விளக்கும் எரியவில்லை.

"நமுத்துப் போச்சுத்தா," என்றார் முதலாளி.

சந்தனத்தைத் துடைத்தால் போதும் என்றேன். சாமிக்கு வைத்ததைத் துடைக்கச் சொல்கிற பெண்ணை அவர் முன்பின் பார்த்ததில்லை. நமுத்த சரக்குக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். சரவெடிகளோடு சேர்த்து, பெட்டியையும் வெடி காயவைக்கும் தளத்தில் வெயிலில் காயப்போட்டார். சாயங்காலம் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. விளக்குகள் எரிந்தன. "படிச்ச புள்ளைக்கு இது தெரியல பாரு," என்று கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆடிப் பதினெட்டு வந்தது. அன்றைக்குத்தான் வெளியூர் வியாபாரிகள் பூஜைக்கு வந்து ஆர்டர் போடுவார்கள். வருஷா வருஷம் முதல் திரியை முதலாளி தன் கையால் கொளுத்துவது வழக்கம். இந்த முறை பட்டன். வியாபாரிகள் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். மாடத்தி எதிரே பொட்டலில், வெடிகளில் கட்டுவதற்கு ஒயர்களை இழுத்துக்கொண்டிருந்தாள். முதலாளி புதுச் சந்தனம் கரைத்து அப்பினார். பெட்டி செத்தது.

காயப்போட வெயிலும் இல்லை, நல்ல நேரமும் முடியப் போகிறது. வியாபாரிகளுக்குக் கலர் சோடா கொடுத்துவிட்டு நான் திரும்புவதற்குள் பெட்டியில் விளக்கு எரிந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் செய்த பெட்டியில் அந்த விளக்கு இவ்வளவு பளிச்சென்று எரியவே எரியாது. மூடியைத் திறந்தேன். சிப்பின் தலைக்கு மேலே, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக ஒரு செம்புக் கம்பி. வெடிகளில் இன்னும் ஒயர் கட்டாததால், கரண்ட் ஈரச் சந்தனத்தின் வழியாக ஓடி விளக்கை மட்டும் எரித்திருக்கிறது.

"சிப்பு மக்கர் பண்ணுச்சு, நேரா குடுத்துட்டேன்," என்றான் கம்பெனி எலக்ட்ரீஷியன் ஒச்சப்பன். ஃப்யூஸ் போன இடத்திலெல்லாம் வேலிக்கம்பியைச் சொருகிப் பழகிய கை அது.

"வெளக்கு எம்புட்டு பளிச்சுன்னு இருக்கு பாத்தியா?" என்ற முதலாளியின் விரல் டெஸ்ட் பட்டன் மேல் இருந்தது.

கம்பி, கரண்ட், மாடத்தி என்று நான் சொல்லச் சொல்ல அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து விரலும் வெடிக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன், அவருக்கு ராகுகாலம் பெரிதாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பட்டன் மேல் என் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, வியாபாரிகளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"மொத திரி அண்ணாச்சி கைதான வழக்கம்? மொத ஒயரையும் நீங்களே கட்டுங்க. கட்டிட்டு, மாடத்தி நிக்கிற எடத்துலயே நில்லுங்க. நான் டெஸ்ட் போடுதேன்."

வியாபாரிகள் கைதட்டினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளி கிளம்பினார். முதலில் வேகமாக நடந்தார், பிறகு மெதுவாக, பாதிப் பொட்டலில் நின்றே விட்டார்.

"ஏத்தா, டெஸ்டுல வெடிக்காதுல்ல?"

"கம்பி இருந்தா வெடிக்கும் அண்ணாச்சி."

"ஏலே ஒச்சப்பா! அந்தக் கம்பியப் பிடுங்குலே!"

ஒரு மாதமாக என் வாயால் ஏறாத பாடம், பாதிப் பொட்டலில் ஏறிவிட்டது. கம்பியைப் பிடுங்கினார்கள். நான் சந்தனத்தைத் துடைத்தேன், இந்த முறை யாருக்கும் சாமி குற்றம் தெரியவில்லை. முதலாளி முதல் ஒயரைக் கட்டாமலே திரும்பி வந்தார். மாடத்தி ஒயர்களைக் கட்டியதும் அவளையும் வெளியே வரச் சொல்லிவிட்டு டெஸ்ட் போட்டேன். எல்லாம் பச்சை. வெடிகள் வரிசை பிசகாமல் மேலே போய் விரிந்தன.

முதலாளிக்கு ஒரே பூரிப்பு. வியாபாரிகள் நடுவில் பெட்டியைத் தட்டிக்கொண்டே, "நம்ம பெட்டியில சேஃப்டி சிப்பு இருக்கு, பாத்துக்கோங்க. மனுச உசுருதான முக்கியம்?" என்றார். ஆர்டர்கள் விழுந்தன.

மாடத்தி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"கம்பியப் பிடுங்கச் சொல்லிக் கத்துனீகளே மொதலாளி, அதுக்கு முன்னாடி நான் அங்கனதான நின்னேன்?"

முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு ஒச்சப்பன் பக்கம் திரும்பி, வந்தவர்களுக்கு இன்னொரு கலர் உடைக்கச் சொன்னார்.