மாடியிலிருந்து வந்த தாள்கள்

“கைய எடுடா!” என்று பிரிஸில்லா மகனின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

கில்பர்ட்டின் விரல் பிரிண்டரின் பொத்தானைத் தொட இருந்தது. அம்மாவின் பிடி இத்தனை பலமாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கூடத்தின் நடுவே, வெள்ளைத் துணி விரித்த பெட்டியில், கோட்டும் டையுமாக அவன் அப்பா ஓஸ்வால்ட் படுத்திருந்தார். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஜெபமாலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னம்மா ஆச்சு? பாட்டுத் தாளு நாப்பது காப்பி எடுக்கணும். பத்து மணிக்குப் பூசை. இப்பவே எட்டரை.”

“ஜெராக்ஸ் கடைக்குப் போ.”

“லிங்கராஜபுரத்துல எந்தக் கடைக்காரன் பத்து மணிக்கு முன்னாடி தொறக்கறான்? அப்பா அடிச்சு வெச்ச ஃபைல் லேப்டாப்ல அப்படியே இருக்கு. இங்கேருந்தே எடுத்துப் பிரிண்ட் போட்டா முடிஞ்சது.”

“அப்ப தாளே வேணாம். எல்லாருக்கும் மனப்பாடந்தானே!”

ஓஸ்வால்ட்டின் தங்கை கேத்தரினுக்கு இது பொறுக்கவில்லை. அழுது சிவந்த முகத்தைத் துடைத்துக்கொண்டே சண்டைக்கு வந்துவிட்டாள். “நல்லா இருக்கே அண்ணி! முப்பது வருஷமா கோயில்ல யாரு செத்தாலும் பாட்டுத் தாளு அடிச்சுக் குடுத்தவரு எங்கண்ணன். அவரு அடக்கத்துக்கு மட்டும் தாளு இல்லாம போகணுமா?”

பிரிஸில்லா பிடியை விடவில்லை. அந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வெளியே வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

போன வருஷம் தொண்டையில் புற்றுநோய் என்று ஓஸ்வால்ட்டின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கோயில் பாடகர் குழுவை நடத்திய மனிதர். ஒரு கனைப்பில் இருபது பேரைச் சுருதிக்குக் கொண்டுவருவார். அப்பேர்ப்பட்டவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கழுத்தில் ஓர் ஓட்டையும் கையில் ஒரு சிலேட்டும்தான் மிச்சம். படுக்கை மாடியில், சமையலறை கீழே, நடுவில் பதினெட்டுப் படி. பிரிஸில்லாவின் முழங்கால்களோ படியைக் கண்டாலே முனகும் ரகம். கூப்பிட ஒரு மணி வாங்கித் தந்தால், ‘நான் என்ன ஐஸ் வண்டிக்காரனா?’ என்று சிலேட்டில் எழுதிக் காட்டி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். செல்ஃபோன் பொத்தான்களோ அவர் விரலுக்குக் கடுகு மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கில்பர்ட், இரண்டு கொம்பு முளைத்த ஒரு சின்ன வைஃபைப் பெட்டியைக் கொண்டுவந்தான். ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை அவனுக்கு. வீடு முழுக்க அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். எங்கே வைத்தாலும் மாடிக்குச் சிக்னல் ஏறவில்லை. கடைசியில் மாடிப்படிக்கு நேரே இருந்த ஜெப மேடையில், திரு இருதயச் சுரூபத்துக்கு வலப்பக்கம் வைத்ததும் பச்சை விளக்குகள் சட்டென்று எரிந்தன.

“ஐயையோ! ஏசு சாமி பக்கத்துல கொம்பு வெச்சதைக் கொண்டாந்து வைக்கிறியேடா, பாவி!” என்று பிரிஸில்லா நெஞ்சில் சிலுவை போட்டாள்.

“இங்க வெச்சாத்தாம்மா மேல வரைக்கும் போவுது. நான் என்ன பண்றது?”

மாடியில் லேப்டாப், கீழே கூடத்தில் பழைய கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் பிரிண்டர். கம்பியும் இல்லை, கயிறும் இல்லை. மாடியில் அவர் எதையோ தட்ட, கீழே பிரிண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. ஓஸ்வால்ட்டுக்குத் தமிழ் எழுத்துத் தட்டத் தெரியாது. பாட்டுத் தாள்களில் செய்வது போலவே, தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். பிரிஸில்லாவுக்கு அதைக் கண்ணால் பார்த்தால் விளங்காது. எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தால்தான் அர்த்தம் பிடிபடும். படித்தாள்.

“பி... ரி... ஸில்... லா. பிரிஸில்லா.”

நாலு மாசமாக அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை. சுவரையும் கூரையையும் தாண்டி, காற்றில் வந்து, அவள் கையில் சூடாக இறங்கியிருந்தது அவள் பேர். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து ஏசு சாமியின் சுரூபத்தைத் துடைக்கும் துணியாலேயே கொம்புப் பெட்டியையும் துடைத்தாள்.

அப்புறம் பத்து மாசம் அந்த வீட்டில் அவர் பேசியதெல்லாம் தாளில்தான். ஃபாக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்த பழக்கம், ஒவ்வொரு தாளின் தலையிலும் நேரம் போட்டிருக்கும். 7.10, டீ. 9.40, பேப்பர் வந்ததா? 12.15, குழம்பில் உப்பு. அவர் கேட்க, அவள் வாயால் படித்து அவளே பதிலும் சொல்ல, கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே குரலாகிப் போனார்கள். வேலைக்காரி இதைப் பார்த்து, அம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டதோ என்று பயந்து இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு மட்டும் பிரிண்டருக்கு ஓய்வு. இரக்கத்தின் ஜெபமாலை நேரம் அது. கரகர சத்தத்தில் ஜெபத்தில் மனசு நிற்கவில்லை என்று அவளே பொத்தானை அணைப்பாள். ஜெபம் முடித்து மூன்றே காலுக்குப் போடுவாள்.

“நான் அணைச்சு வெச்சிருக்கறப்ப அவரு அடிச்சா அது எங்கடா போகும்?” என்று மகனிடம் ஒருமுறை கேட்டிருந்தாள்.

“எங்கயும் போகாதும்மா. கீழ கம்ப்யூட்டர்ல வரிசையா நிக்கும். நீ ஆன் பண்ணதும் ஒண்ணொண்ணா வரும்.”

நேற்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே அவர் படுத்திய பாடு சொல்லி மாளாது. மீனில் புளி அதிகம் என்று ஒரு தாள், அதையே கொட்டை எழுத்தில் இன்னொரு தாள், ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு என்று பதினோரு தாள். மூன்று மணிக்கு அணைத்தாள். ஜெபம் முடிந்தது. பொத்தான் வரை போன கையைத் திருப்பிக்கொண்டாள். ‘கொஞ்ச நேரம் சும்மாத்தான் கெடயேன்’ என்று பிரிண்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டாள்.

ஐந்து மணிக்கு டீயோடு மேலே போனபோது அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மடியில் லேப்டாப் எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “மாரடைப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும்” என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல். நேற்று மாலையிலிருந்து பிரிஸில்லா இந்த ஒரு கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் அவளைக் கூப்பிட்டாரா? கூப்பிட்டிருந்தால் அந்தத் தாள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். அதை அவள்தான் படிக்க வேண்டும். தன் குரலிலேயே படிக்க வேண்டும்.

வாசலில் கோயில் வண்டி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, கன்னடத்தில், “சார், காடி பந்திதே” என்றான்.

“ஹத்து நிமிஷ, அண்ணா” என்று கில்பர்ட் பத்து நிமிஷம் தவணை கேட்டுவிட்டு அம்மாவின் பக்கம் குனிந்தான். “அம்மா, என்னன்னு சொல்லு.”

“நாந்தாண்டா அணைச்சேன்.”

“எதை?”

“நேத்து மூணு மணிக்கு. ஜெபம் முடிஞ்சும் போடல. உங்கப்பா நொச்சுப் பண்றாரேன்னு போடல. அஞ்சு மணி வரைக்கும்...” அவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள். “அவரு கூப்ட்டிருந்தா?”

கில்பர்ட் அம்மாவைப் பார்த்தான், பிரிண்டரைப் பார்த்தான். ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தான், ஆனால் அப்பாவை அவனுக்கும் தெரியுமே. தட்டாமல் இருக்கிற மனிதர் இல்லை.

“நீ சொல்லும்மா. வேணாம்னா எல்லாத்தையும் அழிச்சுடறேன். வரவே வராது.”

அழிப்பதா! பிரிஸில்லா திடுக்கிட்டாள். அவர் வாயை இன்னொரு தடவை அறுக்கச் சொல்கிறானே இவன்? மகனின் மணிக்கட்டை விட்டாள். பெட்டியில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் விரலாலேயே பொத்தானை அமுக்கினாள்.

பிரிண்டர் கனைத்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பேசுகிறவர் பெட்டிக்குள் கைகட்டிக் கிடக்கிறார், பேச்சு இங்கே வந்துகொண்டிருக்கிறது! கேத்தரின், “ஏசுவே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு தாள் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அத்தோடு நின்றது.

“அவ்ளோதாம்மா” என்றான் கில்பர்ட், திரையைப் பார்த்துக்கொண்டே. “ரெண்டே ரெண்டுதான்.”

தாள் சூடாகத்தான் இருந்தது. பிரிஸில்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளை எடுத்தாள். தலையில் 3.25 என்றிருந்தது. எழுத்துக் கூட்டினாள்.

“மூ... ணா... வது. சர... ணம். மூணாவது சரணத்த... விட்டுட்டே.”

அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி படித்தாள். அப்புறம்தான் உறைத்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே மாதா பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாள் நேற்று. பாடுகிறோம் என்ற நினைவுகூட இல்லாமல், வாய்க்கு வந்தபடி. பதினெட்டுப் படிக்கு மேலே, கட்டிலில் சாய்ந்துகொண்டு, இந்த மனிதர் சரணத்தை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்!

“கொழுப்பைப் பாரேன்” என்றாள் பெட்டியில் கிடந்தவரைப் பார்த்து. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. கேத்தரின் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

இரண்டாவது தாள். 3.40.

“முழு... சா... பாடு. கேட்... டுட்டு... இருக்கேன்.”

தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, “ம், உன் பாட்டுத் தாளைப் போடு. நேரமாச்சு” என்றாள் மகனிடம். பிரிண்டர் நாற்பது தாளையும் மூச்சு விடாமல் அடித்துத் தள்ளியது.

கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. பூசை முடிந்து, சாமியார் தூபக்கலசத்தை ஆட்டிக்கொண்டு பெட்டியைச் சுற்றி வர, பாடகர் குழு மாதா பாட்டை எடுத்தது. நேற்று அவள் பாடிய அதே பாட்டு. சாமியார் ஒரு சுற்று வந்து முடிக்க இரண்டு சரணம் சரியாக இருக்கும், மூன்றாவதைப் பாடும் வழக்கமில்லை. இரண்டாவது முடிந்தது. பாடகர்கள் தாளை மடித்தார்கள், ஆர்கன்காரர் கையை எடுத்தார், பெட்டியைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள்.

பிரிஸில்லா மூன்றாம் சரணத்தைத் தொடங்கினாள்.

குரல் பிசிறடித்தது. சுருதி எங்கேயோ இருந்தது. முதல் அடி முழுக்க அவள் ஒருத்திதான் பாடினாள். குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கில்பர்ட் அவசரமாகத் தாளைத் திருப்பி வரியைத் தேடினான். சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டார். அவள் கடைசி அடிக்கு வரும் வரை, கலசத்தில் புகைந்துகொண்டிருந்ததை ஆட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.